கேட்கும் பக்கம்

என் மைத்துனனுக்கு லீக்கில் வைத்த பெயர் தீக்குச்சி. ஆள் ஒல்லி, தலை கொஞ்சம் பெரிசு, உரசினால் போதும் பற்றிக்கொள்வான். மூன்று காரணமும் கச்சிதமாகப் பொருந்தியதால் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது புதிதாக அணிக்கு வருகிறவர்கள், இவ்வளவு அமைதியான கேப்டனுக்கு யார் இந்தப் பெயரை வைத்தது என்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். அமைதியாம். அந்த அமைதியை ஆறு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

நான் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறேன். ஆஸ்பத்திரி ஊழியர்களின் கால்பந்து அணியில் கோல்கீப்பர். இரண்டு இடத்திலும் நிற்பதுதான் என் வேலை, மற்றவர்கள்தான் போவதும் வருவதும். தீக்குச்சியின் அக்காவைக் கட்டிக்கொண்டவன் என்பதால் அவனுக்கு நான் மாமா. அவளுக்கு ஆஸ்பத்திரித் துணி அறையில் வேலை. கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போட்டுத் தைப்பாள். முன்பு ஒரு அச்சகத்தில் மேஸ்திரியின் சட்டையைப் பிடித்து உலுக்கி வேலையைத் தொலைத்துவிட்டு வந்த தம்பியை, யார் யார் காலிலோ விழுந்து ஆஸ்பத்திரி லாண்டரியில் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

லாண்டரி தரைக்குக் கீழே இருக்கிறது. என் லிஃப்டில் கடைசிப் பொத்தான். கதவு திறந்தால் சூடு முகத்தில் அடிக்கும். துணி துவைக்கும் ஆறு பெரிய டிரம், இரண்டு உலர்த்தும் எந்திரம், ஈர விரிப்பை ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் காகிதம் மாதிரித் தள்ளும் நீளமான ஸ்டீம் பிரஸ். எல்லாம் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே எல்லோருக்கும் கைப்பேச்சுதான். இரண்டு கையையும் அகல விரித்தால் விரிப்பை விரி என்று அர்த்தம். விரல்களை மடக்கினால் மடி. உள்ளங்கையைப் புரட்டினால் பக்கத்தை மாற்று. முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து.

இன்னொன்று உண்டு. வெள்ளைத் துணிகளோடு ஒரு சாயத்துணி விழுந்துவிட்டால் அந்த லோடு முழுக்கப் பாழ். யார் போட்டது என்று அங்கே யாரும் விசாரிக்க மாட்டார்கள். போட்டவனே நடுவில் வந்து, உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, அங்கிருக்கிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்க வேண்டும். என் கைதான் என்று அதற்குப் பொருள். ஒவ்வொருவரும் தலையசைப்பார்கள். அதன்பிறகு டிரம்மை மறுபடி ஓட்டுவார்கள், அந்தப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. தரையைப் பார்த்துக்கொண்டு நெஞ்சில் கை வைத்தால் அது செல்லாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதையெல்லாம் தீக்குச்சி கற்றுக்கொண்டான். கற்றுக்கொண்டது மைதானத்துக்கு வரப் பல வருஷம் ஆனது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் எங்கள் அணியின் முன்கள ஆட்டக்காரன். நல்ல ஆட்டக்காரன் என்று சொன்னால் போதாது, அவன் காலில் பந்து இருந்தால் எதிரணிக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் எங்களுக்கும் கலக்கும், அதுதான் தொல்லை. ஒரே சீசனில் மூன்று ரெட் கார்டு வாங்கியவன். எதிராளியை இடிப்பான், சொந்த அணிக்காரனைத் திட்டுவான், பந்து பொறுக்கிப் போடுகிறவரிடம்கூட மல்லுக்கு நிற்பான். அவனைச் சமாதானப்படுத்தியே என் தொண்டைத்தண்ணி வற்றிப் போனது.

எங்கள் லீக்கில் அப்போது பேர்பெற்ற ரெஃப்ரி ஒருவர் இருந்தார். வாரநாட்களில் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை, ஞாயிற்றுக்கிழமைகளில் விசில். ரெஃப்ரியைப் பார்த்துக் கண் தெரியவில்லையா என்று கத்துவது எல்லா மைதானத்திலும் நடப்பதுதான். கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்து அதையே கத்துவதில் எல்லோருக்கும் தனி ருசி. அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். மைதானத்தின் மேற்குக் கேட் வழியாகக் கறுப்புப் பையோடு வருவார், கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்து பூட்ஸ் நாடாவை நிதானமாகக் கட்டுவார், எழுந்து வந்து விசிலை ஊதுவார்.

அன்றைக்குப் பஸ் டிப்போ அணியோடு அரையிறுதி. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது தீக்குச்சி பந்தை உள்ளே தள்ளினான். பாஸ் வரும் முன்பே எதிரணித் தடுப்பு ஆட்டக்காரர்களைத் தாண்டி நின்றுவிட்டான், ஆஃப்சைடு என்று கண்ணாடிக்காரர் கையைத் தூக்கினார். ஆஃப்சைடுதான். நான் மறுகோடியில் நின்றேன், எனக்கெப்படித் தெரியும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது.

"கண்ணாடிக் கடை வச்சிருக்கீங்களே, அதுல ஒண்ணை எடுத்து மாட்டிக்கக் கூடாதா?" என்று கத்திக்கொண்டே இவன் ஓடினான்.

அதுவரைக்கும் வழக்கமான கூத்துதான். அவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இவனை உரசிவிட்டது. வலது கையை வீசினான். அந்தச் சத்தம் என் கோல் கம்பம் வரைக்கும் கேட்டது.

அவர் விழவில்லை. மெதுவாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு கையால் இடது காதைப் பொத்திக்கொண்டு மறுகையால் புல்லில் விசிலைத் தேடினார். கிடைத்ததும் வாயில் வைத்து ஊதினார். ஊதிவிட்டு, ஊதினேனா என்று கேட்பது போல எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தார். 

எங்கள் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். காது, மூக்கு, தொண்டைக்கு நாலாவது மாடி. நான்தான் லிஃப்டில் ஏற்றிப் போனேன். மன்னிச்சுக்கங்க சார் என்று அவர் பக்கத்தில் நின்று சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். நான் நின்றது அவருக்கு இடது பக்கம் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

செவிப்பறை கிழிந்திருந்தது. இரண்டு தடவை ஆபரேஷன் செய்தும் அந்தக் காது திரும்பவில்லை. அவர் விசிலை விட்டுவிட்டார். ஒரு காதில் மட்டும் கேட்கிறவருக்குச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடாதாம். போலீஸுக்குப் போகவில்லை. லீக்குக்கு எழுதிய அறிக்கையில்கூட இரண்டே வரிதான்: ஆஃப்சைடு கொடுத்தேன், ஆட்டக்காரர் அடித்தார். தீக்குச்சிக்கு மூன்று வருஷம் தடை. அவர் வார்டில் இருந்த அத்தனை நாளும் நாலாவது மாடித் துணி மூட்டைகளை வேறு யாரையும் தொடவிடாமல் இவனே வாங்கி வெளுத்தான் என்று லாண்டரியில் சொன்னார்கள்.

தடை போட்ட அந்த மூன்று வருஷமும் அவன் எங்கள் ஆட்டம் ஒன்றையும் விட்டதில்லை. மைதானத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்பதால் வேலிக்கு வெளியே நிற்பான். எங்கள் ஜெர்சிகளை அவன்தான் துவைத்துக் கொண்டுவருவான். ஆட்டம் நடக்கும்போது வேலிக்கம்பியைப் பிடித்தபடி கால் மட்டும் அவனை அறியாமல் உதைத்துக்கொண்டிருக்கும். பந்துக்காக ஏங்குகிறான் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன். பந்து ஒரு பக்கம் இருக்கும், இவன் கண் மேற்குக் கேட்டில் இருக்கும்.

தடை முடிந்து மைதானத்துக்குத் திரும்பியவன் வாயைத் திறக்கவில்லை. அடிபட்டால் முனகுவதில்லை, கோல் போட்டால் கூவுவதில்லை. இனிமேல் உள்ளே இறங்கினால் ஒரு சொல் பேச மாட்டேன் என்று அக்காவிடம் சத்தியம் செய்திருந்தான். வாய்தான் முதலில் பற்றிக்கொள்கிறது, கை அப்புறம்தான் என்றானாம். பேசாமல் எப்படிப் பந்து கேட்பது? லாண்டரிக் கை வந்தது. அகல விரித்தால் இரண்டு ஓரத்துக்கும் பரவு. விரலை மடக்கினால் நடுவில் நெருங்கி வா. உள்ளங்கையைப் புரட்டினால் பந்தை மறுபக்கத்துக்கு மாற்று. முஷ்டி என்றால் பந்தை நிறுத்தி மூச்சு வாங்கு. முதல் மாதம் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. மூன்றாவது மாதம் பார்த்தால் பதினோரு பேரும் அவன் கையைப் பார்த்துத்தான் ஓடிக்கொண்டிருந்தோம். எதிரணிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அடுத்த சீசன் அவனையே கேப்டன் ஆக்கினோம். ஏற்கெனவே அவன்தான் கேப்டன், நாங்கள் கையில் கட்டும் பட்டையை மட்டும் கொடுத்தோம்.

அந்தப் பட்டையால் வந்தது ஒரு வினை. சிவப்புத் துணியில் கேப்டன் பட்டை. முதல் ஆட்டம் முடிந்த பூரிப்பில் அதைக் கழற்றித் தன் ஜெர்சியின் கைக்குள்ளேயே விட்டுவிட்டு, எல்லாவற்றையும் டிரம்மில் போட்டுவிட்டான். வெள்ளை ஜெர்சி பதினாறும் ரோஜா நிறம். ஆஸ்பத்திரியையே வெளுக்கிறவன் சொந்த அணியின் துணிக்குச் சாயம் ஏற்றினான் என்று ஊரே சிரித்தது. அவன் எங்கள் எல்லோரையும் லாண்டரிக்கு வரச்சொல்லி, நடுவில் நின்று, நெஞ்சில் கை வைத்து ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு நாங்களும் தலையசைத்தோம். புது ஜெர்சி வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்று முடிவானது. பஞ்சுமிட்டாய் அணி என்று எங்களை அழைக்கிறார்கள். அழைத்துவிட்டுப் போகட்டும்.

அன்றிலிருந்து அது அணியின் சட்டமாகவும் ஆனது. தப்புப் பாஸ் கொடுத்தவன், பெனால்டியை வீணடித்தவன், பந்தை நழுவவிட்ட கோல்கீப்பர் உட்பட, உடனே மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து நெஞ்சில் கை வைக்க வேண்டும். வைத்துவிட்டால் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. இதனால் எங்கள் அணியில் சண்டை என்பதே இல்லாமல் போனது. வேலை முடிந்து செத்துப்போய் வருகிற வார்டு ஆள்களை வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு இழுப்பான். ஒருவன் வரவில்லை என்றால் அவன் வேலை செய்யும் மாடிக்கே என் லிஃப்டில் ஏறிப் போய் நிற்பான். யாருடைய கணுக்கால் வீங்கியிருக்கிறது, யாருக்கு இரவு ஷிஃப்ட், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. தான் கோல் அடிப்பதைவிட அடுத்தவனை அடிக்கவைப்பதில் அவனுக்குப் பித்து பிடித்திருந்தது.

இவ்வளவு செய்கிறவன் வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் பூனைக்குட்டி மாதிரி ஆகிவிடுவான். சீசன் தொடங்கும் முன் லீக்கிலிருந்து ஆட்ட அட்டவணை வரும். அதில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போவான். துணைக்கு நான். நீளமான குறுகிய கடை அது. இரண்டு பக்கச் சுவரிலும் ஃபிரேம்கள், நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடி, கடைசியில் மேசை. மேசைக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கும் எந்திரம். அவர் எந்திரத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், வாசலுக்கு அவருடைய இடப்பக்கம்தான் தெரியும். இவன் மேசையின் இந்த ஓரத்தில் நின்று, தாளை வைத்து, தலையைக் குனிந்தபடி என்னவோ முணுமுணுப்பான். அவர் தேய்த்துக்கொண்டே இருப்பார். இவன் வெளியே வந்துவிடுவான்.

"சொல்லிட்டேன் மாமா," என்பான். "இந்த வருஷமாவது வருவாரா?"

"வந்தா வரட்டும், வரலைன்னா போகட்டும். நீ சொல்லிட்டல்ல."

"ஒரே ஒரு ஆட்டத்துக்கு வந்தாப் போதும் மாமா. வந்து அந்தக் கல்லுல உக்காந்தாப் போதும்."

ஆறு வருஷம் ஆறு தாள் வைத்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் நாணயம் சுண்டும்போது எல்லோரும் நாணயத்தைப் பார்ப்பார்கள், இவன் கேட்டைப் பார்ப்பான். எனக்கு அந்தக் கண்ணாடிக்காரர் மேல் உள்ளுக்குள் ஒரு கடுப்பு வளர்ந்தது. மனுஷன் இப்படியா கல்நெஞ்சமாக இருப்பார் என்று வீட்டில் புலம்புவேன்.  என் மனைவி அந்தக் கடை இருக்கும் பக்கமே போவதில்லை. தம்பி செய்த காரியத்துக்கு இவளுக்கு வெட்கம்.

போன சீசன் இறுதி ஆட்டம், மறுபடியும் பஸ் டிப்போ. ஒன்றுக்கு ஒன்று. கடைசி ஐந்து நிமிஷத்தில் எங்கள் ஸ்டோர் கிளார்க் பந்தை உள்ளே தள்ளினான். புதிதாக வந்திருந்த சின்ன வயசு ரெஃப்ரி கோல் என்று விசில் ஊதினார். நாங்கள் குதித்துக்கொண்டிருந்தோம். தீக்குச்சி குதிக்கவில்லை. பந்து கிளார்க்கின் கையில் பட்டு உள்ளே போனதை அவன் பார்த்திருந்தான். அதைச் சொல்வதற்காக ரெஃப்ரியை நோக்கி வேகமாக நடந்தான்.

அந்தப் பையன் இவன் வருவதைப் பார்த்தான். இரண்டடி பின்னால் போனான். இடது கையைத் தூக்கிக் காதைப் பொத்திக்கொண்டான்.

மைதானம் அடங்கிவிட்டது. தீக்குச்சி நின்ற இடத்திலேயே நின்றான்.  பிறகு தள்ளி நின்றபடியே கையைக் காட்டி, தொண்டையைச் செருமிச் சொன்னான்: "கையில பட்டுச்சு சார். அது கோல் இல்ல." அவன் ஆறு வருஷத்தில் அந்த மைதானத்தில் பேசிய முதல் பேச்சு அது. கோல் ரத்தானது. அடுத்த நிமிஷம் என்னைத் தாண்டி ஒரு பந்து போனது. நான்தான் நெஞ்சில் கை வைத்தேன். தோற்றோம்.

உடைமாற்றும் அறையில் அவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"காதைப் பொத்துறான் மாமா. அப்ப அவன் ஸ்கூல் படிச்சிருப்பான். என்னைப் பார்த்ததுகூட இருக்காது. யாரோ சொல்லிக்குடுத்திருக்காங்க, இவன் வந்தா காதைப் பொத்திக்கன்னு."

 நான் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனுக்காக என் மனசு அன்றைக்கு அடித்துக்கொண்ட மாதிரி என் சொந்தத் துக்கத்துக்குக்கூட அடித்துக்கொண்டதில்லை.

அடுத்த சில மாதங்களில் என் மனைவிக்கு ஊசியில் நூல் கோக்கவே முடியாமல் போனது. இரண்டு தடவை விரலில் தைத்துக்கொண்டாள். மற்ற கடைகளில் செய்த கண்ணாடி சரிப்படவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு நாள் தனியாக அந்தக் கடைக்குப் போய்விட்டு வந்தாள். அன்று சாயங்காலம் தம்பி வேலை முடிந்து வந்ததும், புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"டேய், ஒண்ணு கேக்குறேன். வருஷா வருஷம் கடைக்குப் போறியே, எங்க நின்னு சொல்லுவ?"

"மேசைகிட்ட."

"மேசைக்கு எந்தப் பக்கம்?"

அவன் சாப்பாட்டுப் பையை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"இன்னைக்கு நானும் வாசல் பக்கத்துலயே நின்னு கண்ணாடி வேணும்னு நாலு தடவை சொன்னேன். அவர் பாட்டுக்குத் தேய்ச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் நிழலைப் பார்த்துத் திரும்பி, இந்தப் பக்கம் சுத்தி வாங்கம்மா, அந்தக் காது கேக்காதுன்னாரு. நீ எந்தக் காதுல அடிச்சன்னு உனக்குத் தெரியாதா?"

 ஆறு வருஷம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவன் நானும்தானே. லிஃப்டில் அவர் திரும்பாமல் நின்றது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தீக்குச்சி தரையைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "தெரியும்க்கா."

"தெரிஞ்சேவா?"

"சுத்திப் போய் அந்தப் பக்கம் நின்னா அவர் முகத்தைப் பார்க்கணும். அவர் ஏதாவது சொல்லிட்டா? போடான்னு சொல்லிட்டா? அப்புறம் வருவார்னு நினைச்சுக்கிட்டு இருக்கக்கூட முடியாதே."

அவள் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "தரையைப் பார்த்துக் காட்டினா செல்லாதுன்னு ஊருக்கெல்லாம் சட்டம் போடுற," என்று மட்டும் சொன்னாள்.

இந்த வருஷத்து அட்டவணை வந்தது. அவன் தாளை எடுத்துக்கொண்டான், நான் கூடப் போனேன். வாசலில் நான் நின்றுகொண்டேன். அவன் உள்ளே நடந்து, வழக்கமாக நிற்கும் ஓரத்தில் கொஞ்சம் தயங்கினான். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு, எந்திரத்துக்கு அந்தப் பக்கம் போய், அவருக்கு எதிரில் நின்றான். கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எந்திரத்தை நிறுத்தினார். அந்தக் கடை அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

தீக்குச்சி உள்ளங்கையை நெஞ்சில் வைத்தான். அவர் முகத்தைப் பார்த்தான்.

"சார், நான்தான் அடிச்சேன். அது ஆஃப்சைடுதான். நீங்க கையைத் தூக்கினப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அடிச்சேன். என் கைதான் சார். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் கையிலிருந்த லென்ஸை மேசையில் வைத்தார்.

"ஆஃப்சைடுதானா?"

"ஆஃப்சைடுதான் சார்."

"நல்லாத் தெரியுமா?"

"ஒரு அடி முன்னாடி நின்னேன் சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஒன்பது வருஷமா எனக்கு அதுல ஒரு சந்தேகம்," என்றார். "நம்மதான் தப்பாக் குடுத்துட்டமோ, அதான் பையன் அப்படிப் பண்ணிட்டானோன்னு. கண்ணாடி விக்கிறவன் நான், வேற யார்கிட்டப் போய்க் கேக்க முடியும்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கல்நெஞ்சக்காரர் என்று நான் திட்டிக்கொண்டிருந்த மனுஷன், இத்தனை வருஷம் தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இவன் அந்த ஓரத்தில் நின்று முணுமுணுத்த ஒவ்வொரு வருஷமும் இந்த ஒரு வார்த்தை அவருக்குக் கிடைக்காமல் போயிருக்கிறது.

"ஆறு வருஷமா வர்ற," என்றார் அவர். "தாளை வைக்கிற, உதட்டை அசைக்கிற, ஓடிடுற. ஓரக்கண்ணால பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். நானாக் கூப்பிட்டு, என்னப்பா சொன்னன்னு கேக்கணுமா? எனக்கும் வீம்பு உண்டுல்ல."

"ஆமா சார்."

"சரி போகட்டும்னு சொல்ல என்னால முடியல. போன காது போனதுதான். சொன்னது காதுல விழுந்துச்சு. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"அது போதும் சார்." பிறகு, கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டான்: "ஒரு ஆட்டத்துக்கு வருவீங்களா?"

"வரமாட்டேன். ஒரு காதோட அங்க வந்து நின்னா யார் எங்கிருந்து கத்துறாங்கன்னே தெரியாது, தலை சுத்தும்." அவர் எந்திரத்தின் பொத்தானில் விரலை வைத்தார். "உங்க டீம்ல யாரும் வாயே திறக்கிறதில்லையாமே. கடைக்கு வர்றவங்க சொல்றாங்க. சத்தமே இல்லாம என்னப்பா ஆட்டம் அது." எந்திரம் ஓடத் தொடங்கியது.

திரும்பி வரும் வழியெல்லாம் அவன் அழுதுகொண்டே வந்தான். நான் பார்க்காத மாதிரி வந்தேன்.

அதற்கடுத்த பயிற்சியில் அவன் வாயைத் திறந்தான். முதலில் குரல் வரவே இல்லை, துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி ஒரு சத்தம். கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டது. சீசன் தொடங்கியபோது கையும் ஓடியது, வாயும் ஓடியது. கோபத்தில் கத்துகிற பழைய கத்தல் இல்லை. ஒவ்வொருவனையும் கூப்பிட்டு, தட்டிக்கொடுத்து, முன்னால் தள்ளுகிற கத்தல். அவன் குரலை அப்படிக் கேட்க எனக்கு எத்தனை வருஷ ஆசை இருந்தது என்பது கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆனாலும் நாணயம் சுண்டும்போது அவன் கண் கேட்டுக்குத்தான் போனது. வரமாட்டேன் என்று அவர் வாயாலேயே கேட்டுவிட்டு வந்தவன். அப்படியும் போனது.

நாலாவது ஆட்டம் தபால் இலாகா அணியோடு. இரண்டாவது பாதியில் மேற்குப் பக்கக் கோல் என்னுடையது. ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது கேட்டின் கீல் கிரீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்காரர். கல்லில் உட்காரவில்லை. வேலியோரமாக, மைதானத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்றார். வலது காது மைதானத்துக்கு, இடது காது வெளிச்சுவருக்கு. கண்ணை மூடியிருந்தார்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் பந்து என் பக்கம் வந்ததைக் கவனிக்கவில்லை. தீக்குச்சியின் குரல் மைதானத்தின் மறுகோடியிலிருந்து வந்தது. ஏதோ ஒரு தெய்வச் செயலில் பந்து என் முழங்காலில் பட்டு வெளியே போனது. அதன்பிறகு மூச்சுவிட நேரமில்லை. கடைசி விசில் ஊதியதும் திரும்பிப் பார்த்தேன். கேட் திறந்தபடி இருந்தது. அவர் போய்விட்டிருந்தார்.

தீக்குச்சி வியர்வையோடு என்னிடம் வந்தான், திட்டத்தான். நான் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னேன்.

"மாப்ள, அவர் வந்திருந்தாரு."

அவன் கேட்டைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். ஆறு வருஷம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவன், அந்தப் பத்து நிமிஷம் மட்டும் ஆட்டத்தில் மூழ்கிப் பார்க்காமல் விட்டிருந்தான்.

"எந்தப் பக்கமா நின்னாரு?"

"வலது காதை நம்ம பக்கம் குடுத்துக்கிட்டு. கண்ணை மூடிக்கிட்டு."

"அப்ப நான் ஏதாவது கத்தினேனா மாமா?"

"கத்தாம? தொண்டை கிழியக் கத்தினியே."

"என்ன கத்தினேன்?"

"என்னைத்தான். மாமா, தூங்காதீங்கன்னு."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது. முகத்தை ரோஜா நிற ஜெர்சியில் துடைத்துக்கொண்டு வேலியோரம் போனான். அவர் நின்றிருந்த இடத்தில் அவரைப் போலவே பக்கவாட்டில் நின்றான். இடது காதை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி, வலது காதை மைதானத்துக்குக் கொடுத்தான். எங்கள் ஆட்கள் இன்னும் உள்ளே ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஜெர்சி மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு அவன் வரும்வரை காத்திருந்தேன்.